வேலைக்குப் போகாதே, இந்தா 49 பவுண்

சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தில் ஒரு மேசையோடு இருப்பேன். ஆங்கிலக் கடிதம் வந்தாலே கை நடுங்குகிறவர்கள் அதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஹோம் ஒபிஸ், கவுன்சில், ஆஸ்பத்திரி, பாடசாலை என்று எங்கிருந்து வந்ததானாலும் வாசித்துத் தமிழில் சொல்வேன். வழக்கைப் பற்றி ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை இருபத்தாறு வயதுப் பெடியன் ஒருவன் வந்தான். கிளிநொச்சிப் பக்கம். அவனுடைய கடிதத்தை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து தாயின் அழைப்பு வந்தது. அவன் என்னிடம் தொலைபேசியைத் தந்தான். "தம்பி, அவனுக்கு அங்க கவுண்மேந்துக் காசு வருகுதாம் தானே. காணி ஈட்டில கிடக்கு. வட்டிக் காசையாவது அனுப்பச் சொல்லுங்கோ." பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. மழுப்பியிருப்பேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கு அரசாங்கம் கொடுத்தது கிழமைக்கு 9 பவுண் 95 பென்ஸ்.

புகலிடம் கேட்டவரை மூன்று வேளைச் சாப்பாடு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் கைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 1 பவுண் 42 பென்ஸ். அப்போது லண்டனில் ஒருமுறை பஸ்ஸில் ஏற 1 பவுண் 75 பென்ஸ். சட்டத்தரணியைப் பார்க்கப் போவதானால், போவதற்கு ஒன்றேகால் நாள் காசு, வருவதற்கு இன்னொரு ஒன்றேகால் நாள் காசு. அதனால்தான் நான்கு மைல், ஐந்து மைல் நடந்து வருகிறார்கள். எங்கள் மேசைக்கு வந்த பெடியனின் சப்பாத்து தேய்ந்திருந்ததை நான் அன்றைக்குக் கவனித்தேன். காரணம் பிறகுதான் விளங்கியது.

சமைத்துச் சாப்பிட வசதியுள்ள வீட்டில் வைத்தால் கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ். 2024 ஜனவரியில் வைத்த தொகை இது. அரிசி, பருப்பு, சோப்பு, பற்பசை, உடுப்பு, கைத்தொலைபேசிக்கு டேட்டா, போக்குவரத்து எல்லாம் இதற்குள். வீட்டு வாடகையையும் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களையும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் எந்த ஊரில் வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. ஈஸ்ட்ஹாமில் மாமா இருக்கிறார் என்றால் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு காசை மட்டும் கேட்கலாம். இடம் கேட்டால் தருகிற இடத்துக்குப் போக வேண்டும். யாரையுமே தெரியாத வட இங்கிலாந்து நகரம் ஒன்றில் தமிழ்க் குரல் கேட்காமல் மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

இதைப் பெறுவதற்கும் தான் வழியற்றவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அடுத்த 14 நாட்களுக்குள் தங்க இடமோ சாப்பாட்டுச் செலவுக்கு வழியோ இல்லாமல் போகும் என்று காட்டினால்தான் உதவி. காசு ஏற்றப்பட்ட அட்டை ஒன்று தருவார்கள். அந்த அட்டை எங்கே எப்போது பாவிக்கப்படுகிறது என்பதை உள்துறை அமைச்சு பார்க்க முடியும். வழக்கு இறுதியாக நிராகரிக்கப்பட்டால், பிள்ளைகள் இல்லாதவருக்கு 21 நாட்களில் உதவி நின்றுவிடும். ஊருக்குத் திரும்ப முடியாத காரணம் காட்டிச் சிலர் வேறொரு பிரிவின் கீழ் மறுபடி கேட்கலாம். அப்போதும் அதே தொகைதான், ஆனால் அட்டையிலிருந்து ஒரு பென்ஸ் கூடக் காசாக எடுக்க முடியாது. கோயில் உண்டியலில் போட நாணயம் இல்லை என்று ஒரு பெண் என்னிடம் சொன்னது இந்த அட்டையைப் பற்றித்தான்.

ஊரில் பேசப்படுகிற 'பெனிபிட்' இதுவல்ல. யூனிவர்சல் கிரெடிட், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, வீட்டு வாடகை உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு எதுவும் புகலிடக் கோரிக்கையாளருக்குக் கிடையாது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டம் அவர்களை அந்தப் பட்டியலிலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. வைத்தியம் இலவசம். பிள்ளைகளுக்குப் பாடசாலை உண்டு. மிச்சமெல்லாம் அந்த 49 பவுண்தான்.

அந்தத் தொகை எப்படி இந்த அளவுக்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் என் வாழ்க்கையின் ஒரு துண்டும் கிடக்கிறது.

நான் 1991இல் வந்தேன். அப்போது புகலிடம் கேட்டவருக்கு, வேலையில்லாத ஒரு பிரித்தானியருக்குக் கிடைக்கும் வாழ்க்கைச் செலவுத் தொகையில் 90 வீதம் கிடைத்தது. ஆறு மாதம் கழிந்தும் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். நானும் கேட்டேன், கிடைத்தது. தென்லண்டனில் ஒரு பெற்றோல் செற்றில் இரவு வேலை. அனுமதி வந்த அடுத்த கிழமையே அரசாங்கக் காசை நிறுத்திக்கொண்டேன். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். பெற்றோல் செற், உணவகச் சமையலறை, மூலைக் கடை, பேப்பர் கட்டு தூக்குவது. பிரித்தானியாவில் தமிழர்கள் உழைப்பாளிகள் என்று இன்றைக்கு மேடைகளில் அரசியல்வாதிகள் பாராட்டுகிறார்களே, அந்தப் பெயர் அந்த ஆறு மாத விதியின் மேல் நின்றுதான் சம்பாதிக்கப்பட்டது. வழக்கு முடிய எனக்கு வருடங்கள் ஆகின. அந்த வருடங்களில் நான் வரி கட்டினேன், தங்கையின் படிப்புக்குக் காசு அனுப்பினேன், ஆங்கிலம் பழகினேன்.

1996 பெப்ரவரியில் அப்போதைய கொன்சர்வேட்டிவ் அரசாங்கம், துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ இறங்கிய இடத்திலேயே புகலிடம் கேட்காமல் பிறகு கேட்டவர்களுக்கும், நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்தவர்களுக்கும் உதவியை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதியைச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சைமன் பிரவுண், 1803ஆம் ஆண்டின் ஒரு பழைய தீர்ப்பைத் தேடி எடுத்துக் காட்டினார். ஏழை அந்நியனையும் பட்டினியால் சாகவிடக் கூடாது என்பது எழுதிய சட்டத்துக்கு முந்திய மனிதச் சட்டம் என்று அந்தக் காலத்து நீதிபதி எல்லன்பரோ பிரபு சொல்லியிருந்தார். இருநூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலேய நீதிபதியின் வாக்கு எங்கள் பெடியன்களுக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்றது. அந்தச் செய்தியை இரவு வேலையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பேப்பரில் வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாதத்தில் பாராளுமன்றம் புதிய சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைக் கடந்துவிட்டது.

பிறகு லேபர் அரசாங்கம். 1999 சட்டம். 2000 ஏப்ரலில் வவுச்சர் முறை வந்தது. வேலையில்லாத பிரித்தானியருக்குக் கிடைப்பதில் 70 வீதம். 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்குக் கிழமைக்கு 36 பவுண் 54 பென்ஸ். அதிலும் கையில் தருவது 10 பவுண், மிச்சம் வவுச்சர். 5 பவுண் வவுச்சருக்கு 4 பவுண் 20க்குப் பொருள் வாங்கினால் மீதி 80 பென்ஸ் திரும்பக் கிடைக்காது. கடையில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும், இவர் யார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். தொழிற்சங்கத் தலைவர் பில் மோரிஸ் கடுமையாக எதிர்த்துப் போராடினார். 2002இல் வவுச்சர் போய்க் காசு வந்தது.

தொகை மட்டும் ஏறி இறங்கிக் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. 2011இல் அது 36 பவுண் 62 பென்ஸ். பதினொரு வருடத்தில் எட்டுப் பென்ஸ் வித்தியாசம். 2014இல் உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. தொகையை உயர்த்தாமல் வைத்திருக்க முடிவெடுத்தபோது துணி தோய்க்கும் பவுடர், குழந்தைக்கு நப்கின், பால்மா போன்றவற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் திரும்பக் கணக்குப் பார்த்தது. பார்த்துவிட்டு அதே தொகை போதும் என்றது. அடுத்த வருடம், 2015 ஆகஸ்டில், பிள்ளைகளுக்கான 52 பவுண் 96 பென்ஸை 36 பவுண் 95 ஆகக் குறைத்தார்கள். ஒரு குழந்தைக்குக் கிழமைக்கு 16 பவுண் வெட்டு.

வேலையில்லாத 25 வயதுக்கு மேற்பட்ட பிரித்தானியருக்கு யூனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகை 2025-26இல் மாதம் 400 பவுண் 14 பென்ஸ். கிழமைக்கு 49 பவுண் 18 என்பதை மாதமாக்கினால் 213 பவுண். 53 வீதம். நான் வந்தபோது 90, என் மனைவியின் தம்பி வந்தபோது 70, இந்தப் பெடியன் வந்தபோது 53. மின்சாரக் கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இந்தப் படி இறங்கு முகம்தான்.

ஆனால் தொகையை விட எனக்கு நெஞ்சில் உறுத்துவது வேறு. 2002 ஜூலையில் அந்த ஆறு மாத வேலை அனுமதியை எடுத்துவிட்டார்கள். முடிவுகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் வந்துவிடுகின்றன, ஆகவே அந்தச் சலுகை தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பிறகு முடிவுகள் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேலாக இழுபட்டன. காரணம் பொய்த்துப்போன பிறகும் தடை நிலைத்து நின்றது. இப்போதைய விதி, தன் பிழையில்லாமல் 12 மாதம் காத்திருந்தவர் அனுமதி கேட்கலாம் என்கிறது. கிடைத்தாலும் அரசாங்கம் வகுத்த ஒடுங்கிய பட்டியலுக்குள் இருக்கும் வேலைகள் மட்டும்தான். வயல் வேலை தெரிந்த ஒரு பெடியனுக்கு அந்தப் பட்டியல் கதவைத் திறப்பதில்லை.

ஒருவன் தன் கையால் உழைக்கத் தயாராக நிற்கிறான். அவனை உழைக்காதே என்கிறது சட்டம். உழைக்காததால் அவன் கையேந்த வேண்டியிருக்கிறது. கையேந்துகிறானே என்று தொலைக்காட்சியில் சண்டை பிடிக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை: இது அநியாயம்.

உலகத்தில் வேறு வழி இல்லாமலும் இல்லை. கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கத்தக்கது என்று முடிவாகி மருத்துவப் பரிசோதனையும் முடிந்தால் வேலை அனுமதி கேட்கலாம். ஒரே வளவில் வளர்ந்த இரண்டு பேரில் ஸ்காபரோவுக்குப் போனவன் சில மாதத்தில் தொழிற்சாலைக்குப் போய்விடுவான். லண்டனுக்கு வந்தவன் ஹோட்டல் அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். பக்கத்து அயர்லாந்திலும் முன்பு முழுத் தடைதான். பர்மாவிலிருந்து வந்த ரோஹிங்கியா ஒருவர், கிழமைக்கு 19 யூரோ வாங்கிக்கொண்டு எட்டு வருடம் முகாமில் இருந்தவர், வழக்குப் போட்டார். 2017 மே மாதம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், காலவரையறை இல்லாமல் ஒருவரை வேலை செய்யவிடாமல் வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல, மனிதன் மனிதனாக உணர்வதோடு சேர்ந்தது என்பதை அந்தத் தீர்ப்பு விளக்கியது. பிறகு அயர்லாந்தில் ஆறு மாதத்தில் அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள்.

வேலை கொடுத்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பது பிரித்தானிய அரசாங்கங்களின் பதில். இந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஊரில் ஏஜென்சிக்காரன் எதையும் சொல்லி ஆள் பிடிப்பான். ஆனால் பிரித்தானிய உள்துறை அமைச்சே 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 65 பேரிடம் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டது. உறவினர்கள், மொழி, நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை, ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து இறக்கிய இடம் என்பவையே பதில்களாக வந்தன. உதவித்தொகை எவ்வளவு என்பது பெரும்பாலானவர்களுக்கு வரும்போது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் கிளிநொச்சி அம்மா காணியை ஈடு வைத்திருப்பாரா? வேலைத் தடை இருபது வருடத்துக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜூனுடன் முடிந்த ஒரு வருடத்தில் புகலிடம் கேட்டவர்கள் 1,11,084 பேர். அதுவரை இருந்த எண்ணிக்கைகளில் அதுதான் அதிகம். தடை யாரைத் தடுத்தது?

எங்கள் பக்கமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடையால் லாபம் பார்ப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் கடையின் பின்பக்கம் பெட்டி தூக்கிவிட்டு 35 பவுணோடு வந்த பெடியன்களை இந்த மேசையில் கண்டிருக்கிறேன். "ஊர்ப் பெடியன் எண்டு உதவி செய்யிறம்" என்று முதலாளி சொன்னாராம். பிடிபட்டால் பெடியனின் வழக்குக்கே கேடு. முதலாளிக்கு முதல்முறையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். அந்தத் தண்டத்தைச் சொல்லியே சம்பளத்தைக் குறைக்கிறார்கள். எங்களில் ஒவ்வொருவரும் ஒருநாள் அந்தப் பெடியனாக இருந்தோம். ஆறு மாத விதி எங்களைக் காப்பாற்றியது. அவனைக் காப்பாற்ற எதுவும் இல்லாதபோது அவன் வயிற்றில் அடிப்பதை உதவி என்று சொல்லக் கூடாது.

அரசாங்கத்தின் காசு உண்மையில் எங்கே போகிறது? 2019 முதல் 2029 வரை பத்து வருடத்துக்குத் தங்குமிடம் கொடுக்கத் தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடப்பட்டது. தொடக்கத்தில் மதிப்பிட்ட செலவு 450 கோடி பவுண். தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 மே மாதம் சொன்ன புதிய மதிப்பீடு 1,530 கோடி பவுண். தங்கவைக்கப்பட்டவர்களில் 35 வீதமானவர்கள்தான் ஹோட்டல்களில்; தங்குமிடச் செலவில் 76 வீதம் அந்த ஹோட்டல்களுக்கு. ஒப்பந்தம் எடுத்த ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் அந்த வருடம் சண்டே டைம்ஸ் செல்வந்தர் பட்டியலில் பில்லியனராக இடம்பிடித்தார். ஹோட்டலுக்கு ஓர் ஆளின் ஓர் இரவுக்கு நூறு பவுணுக்கு மேல் போனது, அறைக்குள் இருந்தவனுக்குக் கிழமைக்கு 9 பவுண் 95. ஆனால் 2025 கோடையில் எப்பிங்கிலும் வேறு ஊர்களிலும் ஆட்கள் கூடிநின்று கத்தியது அந்த ஹோட்டல் வாசலில், உள்ளே இருந்தவனைப் பார்த்து.

வேலை செய்ய விட்டால் அவர்களில் பலர் தாங்களே அறை எடுத்துப் போய்விடுவார்கள். நாங்கள் ஓர் அறையில் நான்கு பேர் இருந்து வாடகை கட்டினோம். கஷ்டம்தான், ஆனால் அது எங்கள் அறை.

நிலைமை இன்னும் இறுகப் போகிறது. 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட திட்டத்தில், வழியற்று நிற்கும் புகலிடக் கோரிக்கையாளருக்கு உதவ வேண்டும் என்ற சட்டக் கடமையை எடுத்துவிட்டு, உதவலாம் என்ற அதிகாரமாக மாற்றும் யோசனை இருந்தது. வேண்டும் என்பதற்கும் லாம் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது கடிதம் வாசிக்கிறவனுக்குத் தெரியும். சொத்து உள்ளவர்கள் செலவுக்குப் பங்களிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அந்தச் செய்தி வந்த சனிக்கிழமை, ஒரு பெண் தாலிக்கொடியை ஒளிக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். உணர்வோடு சேர்ந்த நகைகளை எடுக்க மாட்டோம் என்று அரசாங்கத் தரப்பில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவர் கொடியைச் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனார்.

இரண்டு கிழமைக்கு முன் அந்தக் கிளிநொச்சிப் பெடியன் மறுபடி வந்தான். இந்த முறை சிரித்த முகம். அகதி ஸ்ரேற்றஸ் கிடைத்துவிட்டது. தாய் அங்கே பிள்ளையார் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாராம். கடிதத்தை வாங்கித் திகதியைப் பார்த்தேன். தனி ஆள் என்பதால் 28 நாட்களில் ஹோட்டலை விட்டு வெளியேற வேண்டும். 2024 டிசம்பரில் இந்த அவகாசத்தை 56 நாளாகக் கூட்டினார்கள். 2025 செப்டம்பரில் தனி ஆட்களுக்குத் திரும்ப 28 ஆக்கினார்கள். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இன்றைக்கே விண்ணப்பித்தாலும் முதல் காசு வர ஐந்து கிழமை. இடையில் முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன்; பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். உடல்நலமுள்ள தனி ஆண் என்றால் கவுன்சில் வீடு தர வேண்டிய கட்டாயமில்லை. வேலைக்கு இனித்தான் தேட வேண்டும். கையில் ஒரு மாத வாடகையும் முற்பணமும் இல்லாமல் யார் அறை கொடுப்பார்கள்?

"அம்மா கேக்கிறா, இனி வேலைக்குப் போகலாம் தானே எண்டு," என்றான்.

"போகலாம். இண்டைக்கே போகலாம்."

சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் விரலை வைத்து எண்ணினேன். கடிதத்தின் திகதியிலிருந்து 28ஆம் நாள் ஒரு வியாழக்கிழமை. முதல் காசு வரும் நாள் அதிலிருந்து எப்படிப் பார்த்தாலும் ஒன்பது நாள் பிந்தி. நடுவில் ஒன்பது இரவு.

பெற்றோல் செற்றில் என்னோடு வேலை செய்த நண்பன் இப்போது ஹரோவில் சொந்த வீட்டில் இருக்கிறான். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அவனுக்கு எடுத்தேன்.

"ஒரு பெடியன். ஒன்பது நாள்," என்றேன்.

"எங்கட ஊரோ?"

"கிளிநொச்சி."

"அனுப்பு," என்றான். "சாப்பிட என்ன விருப்பம் எண்டு கேள்."